எந்த இடத்துக்கு எந்த நெட்வொர்க்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிவகாசியில் சிறு அச்சகம் வைத்திருக்கிறேன். 6 கம்ப்யூட்டர், 2 பிரின்டர், எல்லாமே வைஃபையில். ஒருவர் பெரிய டிசைன் ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் மற்றவர்களுக்கு வேலையே ஓடுவதில்லை. இன்டர்நெட் பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு ஏற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. அந்த ஃபைல் இன்டர்நெட் பக்கமே போகவில்லை. உங்கள் அச்சகத்துக்குள், அதாவது லேனுக்குள்ளேயே சுற்றுகிறது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அதிலும் உங்கள் ஃபைல் முதலில் ரவுட்டருக்கு, அங்கிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்கு என்று இரண்டு முறை காற்றில் போகிறது. அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இடம் மாறாத எதையும் வயரில் இணையுங்கள். வைஃபை மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் இருக்கட்டும். கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் பெட்டியான கிகாபிட் ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் துளை) போக 1000, வர 1000 எம்பிபிஎஸ் தனியாக உண்டு. டிஸ்க் ஈடுகொடுத்தால் 4 ஜிபி ஃபைல் முக்கால் நிமிடத்தில் போய்ச் சேரும். 8 போர்ட் ஸ்விட்ச் வாங்கிவிடாதீர்கள்: 6 கம்ப்யூட்டர், 2 பிரின்டர், ரவுட்டருக்கு ஒன்று, ஆக 9. 16 போர்ட் எடுங்கள்.

நெட்வொர்க் கேபிளில் கேட்-6 ரகம் வாங்குங்கள், முழுச் செம்பு. மலிவாகக் கிடைக்கும் சிசிஏ ரகம் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. நீளம் கூடினால் சிக்னல் தேயும், கனெக்டர் அருகே சீக்கிரம் ஒடியும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள்.

கனெக்டர் அடிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து, நீல ஜோடிக்கு இருபுறமும் 3, 6 பின்களில் உட்கார வேண்டும். சிலர் நான்கு ஜோடிகளையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் 8 விளக்கும் ஒழுங்காக எரியும், வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் 3க்கும் 6க்கும் வெவ்வேறு ஜோடியின் வயர் போவதால், குறுக்கீட்டைக் குறைக்க ஜோடி ஜோடியாக முறுக்கியதன் பலன் போய்விடும். கேபிள் நீளமானால் இணைப்பு விட்டு விட்டு வரும். சாதாரண டெஸ்டர் இதைக் காட்டாது, கண்ணால் நிறம் பார்த்துவிடுங்கள். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

முடிந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் லிங்க் ஸ்பீடு பாருங்கள். 1000 வர வேண்டும். 100 என்று காட்டினால் பெரும்பாலும் ஏதோ ஒரு வயர் தொடவில்லை: 100க்கு 1, 2, 3, 6 பின்கள் போதும், 1000க்கு எட்டும் வேண்டும். இரண்டு பிரின்டர்களுக்கும் ரவுட்டரில் ஐபி முகவரியை ரிசர்வ் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் முகவரி மாறி, பிரின்டர் ஆஃப்லைன் என்று நிற்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இரண்டு கட்டடங்கள், இடையே 140 மீட்டர். நடுவில் பெட்டி அடித்து ஒரு ஸ்விட்ச் வைத்தால் கேட்-6 கேபிளே போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர் என்பதால் நடுவில் ஸ்விட்ச் வைக்கச் சொல்கிறார், கணக்கு சரிதான். ஆனால் வெட்டவெளியில் போகும் செம்பு, அருகில் இடி விழுந்தால் மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுவரும். இரண்டு கட்டடங்களின் எர்த்திங்கும் ஒரே அளவில் இருக்காது. இரண்டு பக்க ஸ்விட்சுகளும் சேர்ந்தே கருகும்.

ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழையான ஃபைபர் போடுங்கள்: உலோகம் இல்லாத, வெளியில் போடும் சிங்கிள்-மோட் ரகக் கேபிள், குழாய்க்குள். இரு முனையிலும் ஒளியை மின் சிக்னலாகவும் மின் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் ஒரு மீடியா கன்வெர்ட்டர். ஒற்றை இழையில் ஓடும் ரகம் வாங்கினால் ஏ, பி என்று ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டும் ஏ என்றால் லிங்க் விளக்கே எரியாது. கனெக்டர் நிறமும் பாருங்கள்: கன்வெர்ட்டரில் நீலம் என்றால் பச்சை முனையைச் செருகக் கூடாது. பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தோடு சரியாகப் பொருந்தாமல் ஒளி வீணாகும். இரு பக்கமும் சில மீட்டர் கேபிள் உபரியாகச் சுருட்டி வையுங்கள், எலி கடித்தால் மீண்டும் ஒட்ட உதவும்.

கேள்வி: மாடிக்கு என்று இன்னொரு ரவுட்டர் வாங்கிக் கீழிருந்து கேபிள் இழுத்தோம். நெட் வருகிறது. ஆனால் மாடியிலிருக்கும் மொபைலுக்குக் கீழேயுள்ள பிரின்டர் தெரியவில்லை. ஏன்?

பதில்: கேபிளை மாடி ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டில், அதாவது இன்டர்நெட் இணைப்புக்கான துளையில், செருகியிருப்பீர்கள். அப்போது மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். பிரின்டரைத் தேடும் அழைப்பு ரவுட்டரைத் தாண்டிக் கீழே போகாது. மாடி ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் ஆகாமல் வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள், முடிந்தது. இல்லையென்றால் முதலில் அதன் முகவரியை, கீழ் ரவுட்டர் 192.168.1.1 என்றால், அதே வரிசையில் வேறு யாருக்கும் போகாத 192.168.1.2 போன்ற ஒன்றாக மாற்றுங்கள். அடுத்து அதில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். கடைசியாகக் கேபிளை லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள். இந்த வரிசை தவறினால் இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டு முகவரி கொடுத்து, வீடு முழுக்க நெட் தடுமாறும்.

கேள்வி: பாடத்தில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் அமைப்புகளாக பஸ், ரிங் என்று படிக்கிறோம். இவற்றை இப்போதும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

பதில்: அலுவலக லேனில் இல்லை, அங்கே ஸ்விட்சை நடுவில் வைத்து ஒவ்வொன்றையும் அதோடு இணைக்கும் ஸ்டார்தான். வட்டமாக இணைக்கும் ரிங் தொலைத்தொடர்பு ஃபைபர் பாதைகளில் இருக்கிறது: ஓரிடத்தில் அறுந்தால் டிராஃபிக் மறுபக்கமாகச் சுற்றிப் போகும். எல்லாக் கருவிகளும் ஒரே வயரைப் பகிரும் பஸ் உங்கள் வீட்டுக் காரிலேயே இருக்கலாம். காரின் மின்னணுக் கருவிகளை இணைக்கும், கேன் பஸ் எனப்படும் அந்த இரட்டை வயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரில் அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.