சுமைதாங்கிக் கல்லும் கொள்ளிவாய்ப் பிசாசும்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குச் சொந்த ஊர் திசையன்விளைக்குப் பக்கம். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் குளத்துக்கரைப் பாதையில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். கருக்கலுக்கு மேல் அந்தப் பக்கம் போனால் ஒரு பெண் முனகுவது கேட்கும் என்று ஆச்சி சொல்லுவாள். குளத்துச் சகதியில் வாயில் நெருப்போடு கொள்ளிவாய்ப் பிசாசு நடமாடும் என்பாள். அதையெல்லாம் மகளிடம் சொன்னேன். வீட்டுக்காரர், “அது வெறும் மீத்தேன் வாயு, பிள்ளையைப் பயமுறுத்தாதே” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது. இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, கூடாதா?

தங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு அவள் போய்விட்டாள். வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அந்தக் கல்லில் இறக்கி வைத்து இளைப்பாறினால், அவளுடைய சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. அடுத்த முறை போகும்போது கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம், பக்கத்தில் ஆள் கை கொடுக்கவும் வேண்டாம். தலையிலிருந்து அப்படியே கல்லுக்கு நகர்த்தலாம், கல்லிலிருந்து மறுபடி தலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். அந்தக் கணக்கில்தான் நட்டிருப்பார்கள்.

எங்கள் ஊர்ச் சந்தைக்குப் போகும் வழியிலும் ஒன்று இருந்தது. சின்ன வயதில் அதைத் தொடவே எனக்குப் பயம். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மத்தியானம் நின்று தொட்டுப் பார்த்தேன். மேல்கல்லின் இரண்டு ஓரமும் சொரசொரவென்று இருந்தன. நடுவில் மட்டும் அம்மிக்கல் மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை விறகுக்கட்டு, எத்தனை ஓலைப்பெட்டி, எத்தனை கருப்பட்டிச் சிப்பம் அந்த இடத்தில் இறங்கியிருந்தால் கல் அப்படித் தேயும்! பேய்க் கல் என்று நான் ஒதுங்கிப் போன இடத்தில் ஒரு தாய் ஊராரின் பாரத்தை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் ஆச்சி கேட்ட முனகலுக்கு ஒரு பறவை காரணமாக இருக்கலாம். கண்கிலேடி என்று ஒன்று உண்டு. நீளக் கால், பெரிய மஞ்சள் கண். பகலெல்லாம் பொட்டலில் மண்ணோடு மண்ணாக அசையாமல் கிடக்கும், இருட்டிய பிறகுதான் கிளம்பும். அதன் குரலைச் செம்மண் தேரிக்காட்டில் தனியாக நின்று கேட்டால் யாரோ அழுகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். கூகையின் குரலும் அப்படித்தான். இதை ஆச்சியின் கதைக்கு மறுப்பாகச் சொல்லவில்லை. அத்தனை இடத்தில் கேட்கும் குரல் அந்தக் கல் பக்கம் வரும்போது மட்டும் ஒரு பெண்ணின் முனகலாக ஏன் கேட்டது? அங்கே ஒரு பெண் இறந்ததை ஊர் மறக்கவில்லை, அதனால்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் மீத்தேன். அவர் சொன்னது சரி. காற்றுப் புகாத சகதிக்குள் இலைதழை மக்கும்போது அந்த வாயு உண்டாகிறது. இத்தாலியில் வோல்டா என்ற விஞ்ஞானி 1776-ல் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. குளத்து நடுவில் நெருப்பு வைப்பது யார் என்பதற்குப் பாஸ்பரஸ் சேர்ந்த வாயுக்களைக் காரணமாகச் சொல்கிறார்கள். விஞ்ஞானிகளுக்குள் இன்னும் அது முடிந்த விவகாரம் இல்லை. ஆக, அவரும் பிள்ளையிடம் பாதிக் கதையோடு நிறுத்த வேண்டாம். சேற்றுக்குள் நடப்பதும் அதிசயம்தான், அதையும் முழுசாகச் சொல்லட்டும்.

நான் இத்தனை வருஷமாகத் தென்பகுதிக் கதைகளைக் கேட்டுக் கேட்டு ஒரு பழக்கத்துக்கு வந்திருக்கிறேன். யாராவது பேய்க் கதை சொன்னால் பேயைப் பற்றிக் கேட்பதில்லை. “செத்தது யாரு?” என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு அநேகமாகப் பதில் இருக்கும்.

முப்பந்தல் இசக்கி அம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிறாள். இன்றைக்கும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிற டிரைவர்கள் உண்டு. அவள் கதை ஊருக்கு ஊர் மாறும். மாறாதது, நம்பியவனே நகைக்காக அவளைக் கொன்றான் என்பதும், அதைப் பார்த்த சாட்சி பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டும்தான் என்பதும். மறுபிறவியில் அந்தக் கள்ளிக் கொப்பையே பிள்ளையாக்கி, இடுப்பில் ஏந்திக்கொண்டு நியாயம் கேட்க வருகிறாள். ஒரு கொலைவழக்கின் சாட்சியத்தைத் தலைமுறை தலைமுறையாக வில்லுப்பாட்டில் பாடி வைத்திருக்கிறார்கள். காதலுக்காகச் சாதியை விட்டு வந்து, மாடு திருட வந்தவர்கள் கையால் செத்த முத்துப்பட்டன் கதையும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. அந்தச் சாவுகளுக்கு வேறு எங்கே பதிவு இருக்கிறது?

செத்தவன் நம் ஆள்தானா என்றுகூட இந்த மண் பார்த்ததில்லை. 1809-ல் ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சண்டையில் காயம்பட்டு இறந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியை மணற்காட்டில் புதைத்தார்கள். அந்த வட்டாரத்து ஜனங்கள் அவனுக்கு சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டதை, உங்கள் ஊருக்குப் பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் எழுதி வைத்திருக்கிறார். அவர் அதை இளக்காரமாகத்தான் எழுதினார். எனக்கு அதில் இளக்காரம் தெரியவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து, அழ ஆள் இல்லாமல் செத்தவன். அவனுக்குப் பிடித்தது என்னவாக இருக்கும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. எல்லாப் பேய்க் கதையும் நினைவுக்காகச் சொன்னது அல்ல, மறைக்கச் சொன்னவையும் உண்டு. கிணற்றில் கிடந்த பெண்ணை “முனி அடித்துவிட்டது” என்று சொல்லி இரவோடிரவாக எரித்த இடங்கள் இருக்கின்றன. அங்கே “செத்தது யாரு” என்பதோடு நிற்காமல், “கொன்னது யாரு” என்றும் கேட்க வேண்டும். அப்புறம், பேய் பிடித்தது என்று சொல்லி உயிரோடு இருக்கிறவர்களை அடிப்பது, கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். 28 பேர். உங்கள் மகளுக்கு எந்தக் கதையைச் சொன்னாலும் சொல்லுங்கள். ஒரு மனுஷிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மட்டும் அவள் நம்பும்படி சொல்லிவிடாதீர்கள். யாருக்காவது மனசு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். நீங்கள் பயத்தை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் மீத்தேன் என்ற ஒரு வார்த்தையில் கதை போய்விட்டது. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கு நட்ட கல் என்று சொல்லியிருந்தால் எந்த வாயுவாலும் அதை ஒன்றும் செய்திருக்க முடியாது.

மறுபடி ஊருக்குப் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் அங்கே போங்கள். வெயில் சாய்வாக விழுகிற நேரம். ஒரு ஈரத்துணியால் கல்லின் முகப்பைத் துடைத்துப் பாருங்கள். சில சுமைதாங்கிகளில் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். எழுத்துத் தேய்ந்திருந்தால் மகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், சின்ன விரலுக்கு நன்றாகத் தெரியும். எழுத்து இல்லாவிட்டால் ஊரில் எண்பது வயது தாண்டிய யாரிடமாவது அவள் யார் வீட்டுப் பெண் என்று கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள்.

பெயர் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி