தனுஷ்கோடியை மீண்டும் நகரமாகக் கட்ட வேண்டுமா, இடிபாடுகளோடு அப்படியே பாதுகாக்க வேண்டுமா?

நான் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். இந்தக் கேள்வி எங்கள் பக்கம் திருமண வீட்டுப் பந்தியில்கூட எழும். தனுஷ்கோடியில் விடுதிகளும் வரக்கூடாது, இரயில் பாதையும் வரக்கூடாது என்பது என் கருத்து. ஆனால் பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் அங்கே இன்றும் குடியிருக்கும் மீனவக் குடும்பங்களை மறந்துவிட்டுப் பேசினால், அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

மீண்டும் கட்டச் சொல்பவர்களின் வாதத்தை வெறும் வணிக ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சென்னை எழும்பூரில் இரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, துறையில் நிற்கும் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மறுபடியும் இரயிலில் கொழும்பு சேரும் ஏற்பாடு அரை நூற்றாண்டுக் காலம் நடந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயல் ஊரையே அழித்தது; பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலையும் கடல் கொண்டுபோனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் இரயில்வே சீரமைத்தது, ஆனால் மாநில அரசு தனுஷ்கோடியை மட்டும் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துக் கைகழுவிவிட்டது என்ற மனக்குறை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இன்னும் ஆறவில்லை. 2019 மார்ச்சில் இராமேசுவரம்–தனுஷ்கோடி இரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நான் நேரில் பார்த்தேன்.

இருந்தாலும், அந்த நிலத்தின் இயல்பு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா, இடையில் ஒடுங்கிய மணல் திட்டு, அவ்வளவுதான் தனுஷ்கோடி. கடல் சீறும் நாட்களில், நிலத்தின் கடைசி நுனியான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் அலை ஏறி வருவதும், சுற்றுலாப் பயணிகளைத் தடுத்துத் திருப்பி அனுப்புவதும் வழக்கமான செய்திகள். மணல் மேடுகளும் ஆமை முட்டையிடும் கரைகளும் கடலோர ஒழுங்குமுறை விதிகளின் மிகக் கடுமையான பிரிவுக்குள் வருகின்றன. அங்கே ஆண்டுதோறும் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) கரையேறுகின்றன. 2025 ஜூனில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பறவைகள் இரை தேடுவது ஆழமற்ற உப்பங்கழிகளில். இரயிலுக்காகக் கரை உயர்த்தி மண் கொட்டினால், நீர் வந்துபோகும் வழிகள் அடைபட்டு அந்தக் கழிகளே மாறிவிடும். இரயில் வந்தால் வாகன நெரிசல் குறையும் என்பது நியாயமான வாதம்தான். அதே பயனை, தனியார் வாகனங்களைத் தனுஷ்கோடிக்கு முன்னால் வரும் முகுந்தராயர் சத்திரத்திலேயே நிறுத்திவிட்டு அங்கிருந்து அரசுப் பேருந்துகளை இயக்குவதன் மூலம் பெற முடியும். இதற்குப் புதிதாக ஒரு பிடி மண்கூடக் கொட்ட வேண்டியதில்லை.

இடிபாடுகளைப் பொறுத்தவரை, 'அப்படியே விடுங்கள்' என்பது பாதுகாப்பு ஆகாது. பவளக் கற்களால் எழுப்பப்பட்ட மாதா கோவிலின் சுவர்களை உப்புக் காற்று ஒவ்வோர் ஆண்டும் அரித்துக்கொண்டிருக்கிறது; போதாக்குறைக்கு, படம் எடுப்பதற்காகச் சுவர் மேல் ஏறி நிற்பவர்கள் வேறு. (கல்லில் பெயர் செதுக்கிவிட்டுப் போகும் காதலர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.) சுவர்களுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவதும், சுற்றி வேலி போட்டுக் காவலர் ஒருவரை அமர்த்துவதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல.

இந்த விவாதத்தில் யாரும் அதிகம் பேசாத பகுதி, தனுஷ்கோடியின் மீனவக் குடியிருப்பான கம்பிப்பாடு. ஊர் அழிந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் புயலுக்குப் பின்னும் மீனவர்கள் அங்கே திரும்பி வந்து, ஓலைக் குடிசை போட்டு, கரைவலை இழுத்துப் பிழைத்தார்கள். மணலைத் தோண்டினால் சில அடியிலேயே ஊறும் நல்ல தண்ணீர்தான் அவர்களுக்குக் குடிநீர். மின்சாரம் நீண்ட காலம் அவர்களை எட்டவில்லை. சூரியத் தகடுகளை வைத்துச் சமாளித்தார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்ற காரணத்தைச் சொல்லி அவர்களுக்கு வசதிகளை மறுத்த அதே நிலத்தில், 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. சுற்றுலாவுக்கு வருபவருக்குச் சாலை போட முடிகிற இடத்தில், குடியிருப்பவருக்கு விளக்கு எரிய வைக்க முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அதனால் எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்களைத்தான்: கரைவலை இழுக்கும் கரை யாருடைய வேலிக்குள்ளும் போய்விடாமல் இருக்கிறதா, சரணாலய எல்லை வகுக்கும்போது அந்த மீனவக் குடும்பங்களிடம் கேட்டார்களா, சங்கு சிப்பிக் கடையும் மீன் வறுவல் கடையும் நடத்தும் உரிமை அந்தக் குடும்பங்களிடமே இருக்கிறதா. இதற்கெல்லாம் எழுத்தில் உறுதி கிடைத்தால், நிரந்தரக் கட்டடங்களுக்கு முழுத் தடை விதிக்க நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுவேன்.