போன் வராத டிராயிங்

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கொளத்தூரில் இருக்கிறேன். ஒரு பயிற்சி மையத்தில் நான்கு மாதத்தில் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கிரியோ என்ற மூன்று டிசைன் மென்பொருளும் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். போன மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு இன்டர்வியூ. ஒரு வார்ப்பு பாகத்தையும் அதை அளக்க வெர்னியரையும் கையில் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் கணினியில் முப்பரிமாண மாடலும், அதைச் செய்ய அளவு போட்ட டிராயிங்கும் தரச் சொன்னார்கள். மாடல் போட்டுவிட்டேன். டிராயிங்கைப் பார்த்தவர், "இந்தத் துளைக்கு 47.02 என்று ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டார். "வெர்னியர் அப்படித்தான் காட்டியது சார்" என்றேன். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். இப்போது அதே பயிற்சி மையத்தில் கேட்டியா சேரச் சொல்கிறார்கள். வீட்டில் மறுபடி பணம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. சேரட்டுமா?

பதில்: இப்போது சேர வேண்டாம். பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்டர்வியூவில் நீங்கள் தோற்ற இடம் மென்பொருளே இல்லை. மாடல் போட்டுவிட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்காவதாக ஒரு மென்பொருள் தெரிந்திருந்தாலும் அதே 47.02-ஐத்தான் போட்டிருப்பீர்கள், கேட்டியாவில் போட்டிருப்பீர்கள், அவ்வளவுதான்.

உங்களிடம் கொடுத்தது பெரும்பாலும் ஒரு பேரிங் ஹவுசிங்காக, அதாவது ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் உட்காரும் கூடாக, இருந்திருக்கும். 47 மில்லிமீட்டர் என்ற எண்ணைப் பார்த்ததுமே பட்டறையில் நாலு நாள் இருந்தவர்களுக்கு 6204 பேரிங் ஞாபகம் வந்துவிடும். அதன் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14. ஆகவே துளையின் அளவு 47. அது எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு, அதாவது டாலரன்ஸ், அதுதான் டிராயிங்கில் இருக்க வேண்டிய செய்தி. வெளி வளையம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எச்7 என்ற டாலரன்ஸ் குறியீடு போடுவது வழக்கம். 47 எச்7 என்றால் 47.000 முதல் 47.025 வரை. உங்கள் கையில் இருந்த பாகம் 47.02 காட்டியது சரிதான், அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் வெர்னியரின் மிகச் சிறிய கோடே 0.02. மொத்த வரம்பு 0.025 உள்ள ஒரு துளையை அதை வைத்து அளந்து நம்ப முடியாது. அதற்குத் துளையின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வேண்டும். "வெர்னியர் காட்டியது" என்ற பதிலுக்கு அவர் ஏன் சிரித்தார் என்பது இப்போது புரிந்திருக்கும். கொஞ்சம் மரியாதையாகச் சிரித்திருக்கலாம், அது வேறு விஷயம்.

பாகத்தைக் கையில் கொடுத்தால் அளப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். எந்த முகம் மெஷினில் வெட்டியது, எது வார்ப்பில் வந்தபடியே விட்டது? வெட்டிய முகங்கள்தான் வேலை செய்யும் முகங்கள். மற்றதெல்லாம் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு. போல்ட் துளை 9 வந்தால் அது எம்8 போல்ட் நுழைந்து போகும் துளை. த்ரெட் உள்ள துளையின் உள்விட்டம் 6.8 சுமாருக்கு வந்தால் அது எம்8 த்ரெட். டிராயிங்கில் "எம்8" என்று எழுத வேண்டும், 6.8 என்று எழுதக் கூடாது. இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மையத்திலிருந்து மையத்துக்கு வெர்னியரில் அளக்க முடியாது. ஒரே அளவுத் துளைகள் என்றால் இரண்டின் வெளி ஓரங்களுக்கு இடையே அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கழியுங்கள். 109 வந்தால் 9 போக 100. வார்ப்புப் பக்கத்தில் 78.6 என்று வந்தால் பதற வேண்டாம். அச்சிலிருந்து வெளியே எடுக்க வசதியாக அந்தச் சுவர் ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்திருக்கும். மேலே அளந்தால் ஓர் எண், கீழே அளந்தால் ஓர் எண்.

அப்புறம் மாடல். பயிற்சி மையத்தில் உங்களுக்குக் கொடுத்திருப்பது எல்லா அளவும் போட்ட படம். அதைப் பார்த்து அப்படியே போடுவது தட்டச்சு மாதிரி. வேலையில் அப்படி யாரும் படம் தர மாட்டார்கள். அங்கே அடுத்த வாரம் மேனேஜர் வந்து, "6204 தாங்காது, 6205 போடணும்" என்பார். 6205-க்கு உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. உங்கள் மாடலில் 47-ஐ 52 ஆக்கினால் என்ன ஆகிறது? துளை பெரிதாகி, சுற்றியுள்ள சுவர் 2.5 மில்லிமீட்டர் மெலிந்துபோகிறதா? அல்லது ஃபீச்சர் மரத்தில், அதாவது மாடலைக் கட்டிய படிகளின் பட்டியலில், பாதி சிவப்பாகி, ஓரங்களை உருட்டிய ஃபில்லட் எல்லாம் அறுந்து தொங்குகிறதா? சுவர் கனம் அப்படியே இருக்க, வெளி வடிவமும் போல்ட் துளைகளும் தானாக விலகிக் கொடுத்தால் அதுதான் நல்ல மாடல். டிசைன் இன்டென்ட் என்று சொல்வது இதைத்தான்.

அதற்குச் சில பழக்கங்கள் போதும். முதல் ஸ்கெட்ச் ஆரம்பிக்கும் முன்பே ஆரிஜின், அதாவது அளவுகள் தொடங்கும் புள்ளி, எங்கே என்று முடிவு செய்யுங்கள். இந்த ஹவுசிங்கில் நான் துளையின் மையத்தில் வைப்பேன், ஏனென்றால் ஷாஃப்ட் அங்கேதான் வருகிறது. வெளி வட்டத்தைத் தனி எண்ணாகப் போடாமல், துளையிலிருந்து இவ்வளவு கனம் என்று கட்டுங்கள். ஒரு கோடும் அவிழ்ந்து கிடக்கக் கூடாது, ஸ்கெட்ச் முழுக்கக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். ஃபில்லட்டும், ஓரத்தைச் சாய்வாக வெட்டும் சாம்ஃபரும் கடைசியில். ஃபில்லட் ஓரத்தைப் பிடித்து அடுத்த ஸ்கெட்சைத் தொங்கவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, நானும் இரண்டு வருடம் செய்தேன்.

டிராயிங்தான் பயிற்சி மையங்கள் கடைசி இரண்டு வகுப்பில் ஓட்டிவிடும் பகுதி. இன்டர்வியூவில் முதலில் பார்ப்பதும் அதுதான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரே ஓர் அளவுகோல் வைத்திருந்தார்: பட்டறைக்கு அனுப்பிய பிறகு உனக்கு போன் வருகிறதா? "சார், இது மறுபக்கம் வரை போகும் த்ரூ ஹோலா, பாதியில் நிற்கும் பிளைண்டா?" "சார், எந்த முகத்திலிருந்து அளக்கணும்?" இப்படி ஒரு போன் வந்தாலும் டிராயிங் முடியவில்லை என்பார்.

உங்கள் ஹவுசிங்கையே எடுத்துக்கொள்வோம். அடிப்பகுதியிலிருந்து துளை மையத்தின் உயரம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 60 என்று எழுதிவிட்டு, டிராயிங்கின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில் பொது டாலரன்ஸ் ஐஎஸ்ஓ 2768-எம் என்று போட்டால், 60-க்கு அது தரும் வரம்பு கூட்டிக் கழித்து 0.3. ஒரு ஷாஃப்டுக்கு இரண்டு ஹவுசிங். ஒன்று 60.3-இல் வரலாம், இன்னொன்று 59.7-இல் வரலாம். இரண்டுமே உங்கள் டிராயிங்படி சரியான பாகங்கள், தரச் சோதனையில் தேறிவிடும். ஆனால் ஷாஃப்ட் 0.6 மில்லிமீட்டர் சாய்ந்து ஓடும், பேரிங் சூடாகும், கடைசியில் பேரிங் கம்பெனியைத் திட்டுவார்கள். அந்த ஓர் உயரத்துக்கு மட்டும் தனியாக இறுக்கமான டாலரன்ஸ் வேண்டும், அடிமுகத்தை டேட்டமாக, அதாவது அளவு தொடங்கும் ஆதார முகமாக, காட்ட வேண்டும். பயந்துபோய் எல்லா அளவுக்கும் 0.02 போட்டுவிடாதீர்கள். தொடாத வார்ப்புச் சுவருக்கெல்லாம் 0.02 கேட்டால் பட்டறைக்காரர் விலையை ஏற்றுவார், இல்லையென்றால் டிராயிங்கை மதிக்காமல் தன் இஷ்டத்துக்குச் செய்வார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

இன்னொரு குழி, புரொஜெக்‌ஷன். பாகத்தின் மேல், பக்கத் தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்ற முறை. நம் ஊரில் கல்லூரியில் படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க வாடிக்கையாளரின் டிராயிங் தர்ட் ஆங்கிளில் வரும். டைட்டில் பிளாக் மூலையில் முனை வெட்டிய கூம்பு மாதிரி ஒரு சின்னப் படம் இருக்குமே, அது அலங்காரம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அதைக் கவனிக்காமல் ஒரு பிராக்கெட்டை நான் திருப்பிப் படித்து மறுபடி வரைந்தேன். 40 பிராக்கெட், எல்லாவற்றிலும் காது எதிர்ப்பக்கம். அந்தக் கம்பெனியில் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பாகங்களில் ஒன்றை என் மேசை மேல் பேப்பர் வெயிட்டாக வைத்துவிட்டார்கள்.

ஷீட் மெட்டல் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இதையும் கேளுங்கள். 2 மில்லிமீட்டர் தகட்டில் ஓர் எல் பிராக்கெட். வெளி அளவு ஒரு பக்கம் 50, மறுபக்கம் 30, உள் ரேடியஸ் 2. விரித்த நீளம் எவ்வளவு? மென்பொருளே சொல்லிவிடும். ஆனால் அது கே ஃபேக்டர் என்ற ஓர் எண்ணை நம்பித்தான் சொல்கிறது; வளைக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு தகட்டின் கனத்தில் எங்கே என்பதுதான் அந்த எண். கே 0.42 என்றால் 76.46 வரும், 0.5 என்றால் 76.71 வரும். ஒரு வளைவுக்குக் கால் மில்லிமீட்டர் வித்தியாசம். நான்கு வளைவு உள்ள ஒரு பெட்டியில் அது ஒரு மில்லிமீட்டர் ஆகி, மூடி உட்காராது. சரியான கே எதுவென்று திரையில் தேடினால் கிடைக்காது. பெண்டிங் செய்பவரிடம், அவரது டையில், அந்தத் தகட்டில் ஒரு துண்டை வளைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வாசலில் நின்று அவரிடம் டீ குடித்தபடி பேசக் கற்றுக்கொள்வதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்தான்.

சரி, எந்த மென்பொருள்? உங்களுக்கு மூன்று தெரியும் என்கிறீர்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். கேட்டியா 1977-இல் பிரான்சின் தசோ விமான நிறுவனத்துக்குள் பிறந்தது. 1988-இல் வந்த புரோ-இன்ஜினியர்தான் இன்றைய கிரியோவின் மூதாதை. அளவை மாற்றினால் வடிவம் தானாக மாறும் ஃபீச்சர் முறையைப் பரவலாக்கியது அதுதான். அதே முறையைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது 1995-இல் வெளிவந்த சாலிட்வொர்க்ஸ். இரண்டே வருடத்தில், 1997-இல், அதையும் தசோவின் மென்பொருள் நிறுவனமான தசோ சிஸ்டம்ஸ் வாங்கிவிட்டது. ஆக ஸ்கெட்ச் போடு, இழு, வெட்டு, சுற்று என்ற இலக்கணம் இந்த மூன்றிலும் ஒன்றுதான். பட்டன் இருக்கும் இடம்தான் வேறு. ஒன்றில் நன்றாக ஊறியவர்கள் இன்னொன்றுக்கு மாற எனக்குத் தெரிந்து ஒரு மாதத்துக்கு மேல் எடுத்ததில்லை. அதையும் பெரும்பாலும் கம்பெனிச் செலவில்தான் கற்றார்கள்.

சென்னையில் பொதுவாகச் சொன்னால், அம்பத்தூரிலும் கிண்டியிலும் பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக், ஃபிக்சர், ஒரே வேலைக்கென்று கட்டும் எஸ்பிஎம் மெஷின் செய்யும் சிறு நிறுவனங்களில் சாலிட்வொர்க்ஸ் அதிகம். ஃபேப்ரிகேஷன், பைப்பிங், கட்டட வேலை என்றால் ஆட்டோகேட். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் நிறுவனங்களுக்கும் அவற்றுக்கு டிசைன் செய்து தருபவர்களுக்கும் கேட்டியா, அதே வகை மென்பொருளான என்எக்ஸ். கார் பாடி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் டிரிம் ஆகியவற்றுக்குத்தான் வளைந்த பரப்புகளைப் போடும் சர்ஃபேஸ் வேலை ஆழமாக வேண்டும், அங்கே கேட்டியாவுக்கு உண்மையான அர்த்தம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் ஆசை என்றால், கேட்டியா வகுப்பைவிட முதலில் கிண்டியில் இருக்கும் சிபெட் என்ற மத்திய அரசு பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனத்தில் மோல்டு, அதாவது பிளாஸ்டிக் அச்சு, பற்றிய குறுகிய காலப் படிப்பு ஏதாவது நடக்கிறதா என்று நேரில் போய் விசாரியுங்கள். மோல்டு எப்படித் திறக்கிறது என்று தெரியாதவர் போடும் சர்ஃபேஸ் அழகாக இருக்கும், அச்சிலிருந்து வெளியே வராது.

பயிற்சிக்கு கிராக் செய்த மென்பொருள் வேண்டாம். அறம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை கிடைத்த பிறகு பழக்க தோஷத்தில் அதை ஆபீஸ் கணினியில் ஏற்றிவிட்டு, லைசென்ஸ் நோட்டீஸ் வந்து முதலாளி முன் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரீகேட் முழுக்க இலவசம். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த பிறகு, ஓர் அளவை மாற்றினால் முகங்களின் பெயர் குழம்பி மாடல் உடைந்துபோகும் பழைய தலைவலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும், இலவசக் கணக்கில் நீங்கள் போடும் மாடலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கம்பெனிப் பாகம் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள்.

கேட்டியா பணத்தில் சின்ன பங்கை எடுத்து ஒரு நல்ல வெர்னியர் வாங்குங்கள், பாரிமுனைப் பக்கம் கிடைக்கும். அப்புறம் ஞாயிறு இல்லாமல் ஒரு வார நாளில் புதுப்பேட்டைக்குப் போங்கள். பேரம் பேசினால் பழைய ஆல்டர்னேட்டர் பிராக்கெட், பைக் ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர் எல்லாம் எடைக்கே தருவார்கள். வாரம் ஒரு பாகம். அளப்பது, மாடல், டிராயிங். பிறகு அந்த டிராயிங்கை எடுத்துக்கொண்டு தெரிந்த லேத் பட்டறைக்குப் போய், "அண்ணே, இதை வைத்துச் செய்ய முடியுமா, என்ன குறை?" என்று கேளுங்கள். திட்டுவார். அந்தத் திட்டை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு டிராயிங்கைத் திருத்துங்கள். உள் மூலையைக் கூர்மையாகப் போட்டிருந்தால், "எண்ட் மில் உருண்டைடா தம்பி, மூலை எப்படி வரும்?" என்று அவர் கேட்பது உங்களுக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காது.

இப்படிப் பத்துப் பாகம் சேர்ந்ததும் அடுத்த இன்டர்வியூவுக்கு சான்றிதழ் ஃபைலுடன் இந்த டிராயிங்குகளையும் பிரிண்ட் எடுத்துப் போங்கள். பட்டறைக்காரர் சிவப்பு மையில் கிறுக்கிய பழைய தாளையும் சேர்த்தே வையுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

அம்பத்தூர் கம்பெனிக்கே மூன்று மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பாகத்தின் வடிவம் இன்னும் ஞாபகம் இருந்தால் முதல் பயிற்சியாக அதையே போடுங்கள். துளை 47 எச்7.