வலை கட்டிய கடல் – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பிளெட்டன்பர்க் பேயில் இந்த 2022ஆம் ஆண்டு ஜூனிலும் செப்டம்பரிலும் கடலில் இறங்கிய இருவரைச் சுறா கொன்ற செய்தியைப் படித்ததிலிருந்து என் மனைவி பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கமே விடுவதில்லை. அலுவலக நண்பர்களோ, இங்கே வலை போட்டிருக்கிறார்கள், பயமே இல்லை என்கிறார்கள். பள்ளி விடுமுறை வருகிறது. தை அமாவாசைக்கு ஊரிலிருந்து வரவிருக்கும் அம்மா, ப்ளூ லகூனில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் முழுக்குப் போட வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். நாங்கள் கடலில் இறங்கலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

இறங்கலாம். ஆனால் உங்கள் அலுவலக நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

பிளெட்டன்பர்க் பே டர்பனிலிருந்து சாலைவழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்கு கேப் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே வலை கிடையாது. இரண்டு இறப்புகளுக்கும் காரணம் பெருவெள்ளைச் சுறா. எங்கள் கடற்கரையில் அதுவும் வரும் என்றாலும், இங்கே நெடுங்காலமாக அஞ்சப்படுவது ‘சாம்பேசி’ என்று இந்நாட்டில் அழைக்கப்படும் காளைச் சுறா. கலங்கிய நீரும் ஆற்று முகத்துவாரமும் அதற்குப் பழகிய இடங்கள். உங்கள் அம்மாவின் விருப்பத்துக்கு வரும்போது இதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

வலையைப் பற்றி முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். கரையிலிருந்து பார்ப்பவர்கள், மிதவைகளைக் கண்டதும், குளிக்கும் இடத்தைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேலி அன்று. ஒவ்வொரு வலையும் 214 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 6 மீட்டர் ஆழமும் கொண்டது. கரையிலிருந்து நானூறு மீட்டர் அளவுக்குத் தள்ளி, 10 முதல் 14 மீட்டர் ஆழமுள்ள நீரில், முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைகளாகக் கட்டப்படுகிறது. அதன் அடியில் இடம் உண்டு, இரண்டு பக்கங்களிலும் இடம் உண்டு. சிக்கும் சுறாக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலையின் கரைப்பக்கத்தில், அதாவது குளிப்பவர்கள் இருக்கும் பக்கத்திலிருந்து திரும்பிப் போகும்போதுதான் சிக்குகின்றன. இது நம் ஊர் மீனவர் போடும் செவுள் வலையைப் போன்றதே. வருகிற சுறாவை அது தடுப்பதில்லை. அந்தப் பகுதியில் திரியும் சுறாக்களைப் பிடித்துக் கொன்று, எண்ணிக்கையைக் குறைத்து, மனிதரும் சுறாவும் எதிர்ப்படும் வாய்ப்பைச் சிறிதாக்குகிறது.

அப்படிச் சிறிதாக்கியதில் அது வென்றிருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. 1943 தொடங்கி 1951 வரை டர்பன் கடற்கரைகளில் மட்டும் சுறாவால் ஏழு பேர் இறந்தார்கள். 1952இல் வலை போடப்பட்டது. அதற்குப் பிறகு டர்பனின் வலையிட்ட கடற்கரைகளில் ஒருவரும் சுறாவால் இறக்கவில்லை. டர்பனுக்குத் தெற்கே உள்ள கரையில் அப்போது வலை இல்லை. அங்கே 1957 டிசம்பர் 18 முதல் 1958 ஏப்ரல் 5 வரை ஒன்பது தாக்குதல்கள் நடந்து ஆறு பேர் இறந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். கடற்படைக் கப்பல் ஆழ்வெடிகளைப் போட்டுப் பார்த்தது. செத்து மிதந்த மீன்கள் இன்னும் பல சுறாக்களை வரவழைத்ததுதான் கண்ட பலன் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். 1964இல் இதற்கென்றே ஒரு வாரியம் அமைந்தது. உம்ஷ்லாங்காவில் இன்றும் இயங்கும் சுறா வாரியம் அதுதான்.

பெரியவர்கள் அப்படிச் சிரித்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. மூட்டை கட்டி ஓடிய அந்தக் கடற்கரைகளில் நமக்கு இடமில்லை. நிறவாரியாகப் பலகை நட்டுக் கடலையே பங்கு போட்டிருந்த காலம் அது. அந்தப் பலகைகள் 1990ஐ ஒட்டித்தான் முழுமையாக அகன்றன. இந்தியருக்கென்று விட்டிருந்த கடற்கரையில் அப்பா எங்களை முழங்கால் அளவு நீருக்கு அப்பால் விட்டதேயில்லை. அவருக்குச் சுறா ஒரு பொருட்டே அல்ல. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது, அவருக்கும் தெரியாது. குளிக்கக் குளம் இல்லாத ஊரில், நீச்சல் தொட்டிக்குள் அனுமதியும் இல்லாத தலைமுறை எங்கே போய் நீந்தக் கற்றுக்கொண்டிருக்கும்?

வலைக்குக் கொடுக்கும் விலையையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியிலிருந்து எங்களைச் சுறா வாரியத்துக்கு அழைத்துப்போய், வலையில் செத்த ஒரு சுறாவை அறுத்துக் காட்டினார்கள். தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழவென்று இருந்தது. எதிர்ப்பக்கமாகத் தடவியபோது உப்புத்தாளில் தேய்த்ததுபோல் விரல் நுனி எரிந்தது. வயிற்றுக்குள் மனிதக் கை இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். இருந்தது பாதி செரித்த மீன். சுறாவோடு ஆமையும் ஓங்கிலும் (டால்பின்) திருக்கையும் அந்த வலையில் சாகின்றன. பெருவெள்ளைச் சுறாவைச் சட்டத்தால் காத்த முதல் நாடு 1991இல் இதே தென்னாப்பிரிக்காதான். அதே சுறாவைக் கொல்லும் வலைக்குப் பணம் கொடுப்பதும் இதே நாடுதான். 2007 முதல் சில இடங்களில் வலைகளுக்குப் பதிலாக மிதவையில் கட்டிய பெருந்தூண்டில்கள் வைக்கிறார்கள். அவற்றில் ஆமையும் ஓங்கிலும் சிக்குவது குறைவு. வலையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் பேரப்பிள்ளைகளை வலையிட்ட கடற்கரைக்குத்தான் அழைத்துப் போகிறேன் என்பதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் பிள்ளைகளைப் பற்றி. இந்த விடுமுறையில் எனக்குக் கவலை தருவது சுறா அன்று, கழிவுநீர். 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்த பின், மலக்கழிவில் இருக்கும் ஈ-கோலை கிருமியின் அளவு ஏறியதால் மாநகராட்சி கடற்கரைகளை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. புறப்படும் காலையில் எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். பெருமழை பெய்து கடல் பழுப்பாக இருக்கும் நாட்களில், திறந்திருந்தாலும் போகாதீர்கள். அடுத்தது கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம். உயிர்காப்பாளர்கள் நட்ட இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்க வேண்டும்; இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். இது நீந்தத் தெரிந்தவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது என்றால் இந்த டிசம்பரில் அவர்களை முதலில் நீச்சல் வகுப்பில் சேருங்கள். ஜூன், ஜூலையில் மத்திமீன் கூட்டம் கரையோரம் வரும்போது அதன் பின்னாலேயே சுறாக்களும் வரும். அப்போது வலைகளை எடுத்துவிட்டுக் குளிப்பதற்குத் தடை போடுவார்கள். கரையில் வலை இழுப்பவர்களைச் சுற்றி நம் பெண்கள் முழங்கால் நீரில் வாளியோடு நிற்பதைப் பார்த்து, நீங்களும் இறங்கிவிடாதீர்கள்.

அம்மாவின் முழுக்குக்கு மட்டும் நான் உடன்படவில்லை. உம்கேனி ஆறு கலக்கும் அந்த இடத்தில் நம்மவர்கள் சடங்கு செய்வதும் அஸ்தி கரைப்பதும் எனக்குத் தெரியும். என் அப்பாவின் அஸ்தியையும் அங்கேதான் கரைத்தோம். ஆனால் தை மாதம் இங்கே மழைக்காலம். ஆற்று நீர் கலங்கி வரும். நகரத்தின் அழுக்கெல்லாம் அதில் வரும். நான் பார்த்தவரை அங்கே தூண்டிலோடு வந்து இரை போடுபவர்களே மிகுதி. அமாவாசை முழுக்கென்று விடியுமுன்னே இறங்குவார்கள். அரையிருட்டிலும் காளைச் சுறா இரை தேடும். சாம்பேசிக்கு இதைவிட ஏற்ற இடத்தையும் நேரத்தையும் நாமே தேடிக் கொடுக்க முடியாது. தர்ப்பணத்தைக் கரையிலேயே செய்யட்டும். பிறகு, வெயில் ஏறி, உயிர்காப்பாளர்கள் வந்து கொடி நட்டதும், வலையிட்ட கடற்கரை ஒன்றுக்கு அழைத்துப்போய், நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் நீரில் உட்கார்ந்து அலையைத் தலைமேல் வாங்கிக்கொள்ளட்டும். ஆறும் கடலும் சேர்ந்த நீர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், முகத்துவாரத்தில் ஒரு செம்பு மொண்டு பாதத்தில் மட்டும் ஊற்றுங்கள். ஈ-கோலை இருக்கிறது, வாயில் படவிடாதீர்கள்.