சொல் ஏன் சுடுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

‘விபத்து’ என்று பேப்பரில் பார்த்ததுமே பகீர் என்கிறது. அர்த்தம் புரிவதற்கு முன்பே உணர்ச்சி வந்துவிடுமா? (அஸ்தம்பட்டி)

ஏறக்குறைய இரண்டும் சேர்ந்தே வரும். கால் நொடிக்குள், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜியில் தலையின் பின்பக்கம் வித்தியாசம் தெரிகிறது. கவனம் தானாகவே அங்கே இழுபடுகிறது. அரை நொடி வாக்கில் வரும் அடுத்த அலை, சொல்லை நின்று எடைபோடும் கட்டம். ‘நாற்காலி’ போன்ற உணர்ச்சி கலக்காத சொல்லுக்கு இரண்டுமே அடங்கித்தான் இருக்கும். இதெல்லாம் பலரைச் சோதித்து எடுத்த சராசரி. உங்களை இதை வைத்து அளக்காதீர்கள்.

எனக்கு அமிக்டலா ஓவராக வேலை செய்கிறது. மாத்திரை சொல்லவும். (செவ்வாய்ப்பேட்டை)

அமிக்டலா என்பது பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்கெடுக்கும் ஒரு சிறிய மூளைப் பகுதி. உங்கள் கடிதத்தில் வயது இல்லை, என்ன தொந்தரவு என்று இல்லை, யார் சொன்னார்கள் என்றும் இல்லை. மருத்துவரை நேரில் பாருங்கள்.

ஆங்கில வசவு ஏன் உறைப்பதில்லை? (கல்லூரி மாணவர், சேலம்)

2003-ல் துருக்கி மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களின் விரல் நுனி வியர்வையை அளந்தார்கள்; உணர்ச்சி எழுந்தால் அது கூடும். சின்ன வயதில் கேட்ட கண்டிப்புகள் தாய்மொழியில் வந்தபோது அது அதிகம் கூடியது. பிறகு வகுப்பறையில் கற்ற மொழிக்கு அந்தச் சூடு குறைவு. இதுவும் சராசரிதான்.

உணர்ச்சி வலது மூளையில் இருப்பதால், நடுமூளையை எழுப்புவதாகச் சொல்லும் மிட்பிரெயின் வகுப்பில் சேர்த்தால் மகன் நன்றாக வாசிப்பான் என்கிறார்கள். சேர்க்கலாமா? (ஓமலூர்)

வேண்டாம். எத்தனை முறை எழுதுவது? நடுமூளை, கண்ணை அசைக்கவும் சத்தம் வந்த பக்கம் திரும்பவும் பிறந்த நாளிலிருந்தே வேலை செய்கிறது. அதை யாரும் எழுப்பத் தேவையில்லை. எழுத்தை அடையாளம் காணும் பகுதி பெரும்பாலோருக்கு இடது மூளையின் அடிப்பக்கம் இருக்கிறது. உணர்ச்சிச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்தே உழைக்கின்றன. அந்த வகுப்புகளில் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிப்பதாகக் காட்டுவார்கள். மூக்கின் ஓரம் துணி எங்கே தூக்கியிருக்கிறது என்று பாருங்கள். குழந்தை தாடையை உயர்த்திக் கீழ்க்கண்ணால் பார்ப்பது தெரியும். அந்த இடைவெளியை அடைத்தால் வாசிப்பு நின்றுவிடும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைக்குப் பொய் சொல்லவும் பழக்குகிறார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வாசிப்பில் நிஜமாகவே திணறினால் முதலில் கண் பரிசோதனை, அப்புறம் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை. தினமும் ராத்திரி அவனோடு உட்கார்ந்து ஒரு கதையைச் சத்தமாக வாசியுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாக வருகிறது. வேண்டுமென்றே செய்கிறாரா? (ஏற்காடு)

இல்லவே இல்லை. யோசித்துக் கோத்துப் பேசும் வழி அடிபட்டாலும், பழகிய வசவும் பிரார்த்தனையும் தாமாக வரலாம். சிலரால் உணர்ச்சிச் சொற்களை மற்றவற்றைவிட நன்றாக வாசிக்கவும் முடிகிறது. அவரைக் கண்டிக்காதீர்கள். சேலம் ஜி.ஹெச்.சில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.