ஷார்க் பாயின்ட்டில் ஒரு சுறா

அன்புள்ள சார்,

போன மாதம் புக்கெட் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டேன். நான்காம் நாள் ‘ஷார்க் பாயின்ட்’ என்ற இடத்தில் இறங்கினோம். 18 மீட்டர் ஆழத்தில் கைடு திடீரென்று கையைச் செங்குத்தாக நெற்றியில் வைத்துக் காட்டினார். மணலில் ஒரு சுறா படுத்திருந்தது, உடம்பெல்லாம் புள்ளி. எங்களில் இரண்டு பேர் கேமராவோடு பாய்ந்தார்கள். நான் பயந்து பின்னாலேயே நின்றுவிட்டேன். அது எழுந்து போய்விட்டது, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. படகில் ஏறியதும் ‘லெப்பர்டு ஷார்க், ரொம்ப அபூர்வம், உனக்கு யோகம்’ என்றார். இணையத்தில் தேடினால் ‘ஜீப்ரா ஷார்க்’ என்கிறார்கள். கோடே இல்லாத மீனுக்கு எப்படி அந்தப் பேர்? ஷார்க் பாயின்ட்டில் சுறா எப்படி அபூர்வமாகும்? வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறார்களோ? நாகப்பட்டினத்தில் சுறாப்புட்டு தின்று வளர்ந்தவன், அதனால் கேட்கிறேன். எடுத்த ஒரே படத்தை இணைத்திருக்கிறேன். பின்பக்கம் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

க.

அன்புள்ள க.,

கைடு பொய் சொல்லவில்லை. ஷார்க் பாயின்ட் பாறைக்கு அந்தப் பேர் வந்ததே இந்தச் சுறாவால்தான். 1990களில் அங்கே டைவ் செய்த பழைய ஆட்களைக் கேட்டால், தெருவில் படுத்திருக்கும் நாயைத் தாண்டிப் போவதுபோல் இதைத் தாண்டிப் போன கதை சொல்வார்கள். பிறகு மீன் குறைந்தது, பேர் மட்டும் நின்றுவிட்டது. நம் ஊர்களில் குளம் போய்க் ‘குளத்தங்கரைத் தெரு’ மட்டும் மிஞ்சியிருக்கிறதே, அப்படி.

பேர் விஷயம் வேடிக்கையானது. முட்டையிலிருந்து வரும் குட்டி கருப்பாக இருக்கும், மேலே வெள்ளைப் பட்டைகள். அதனால் வரிக்குதிரை. வளர வளரப் பட்டை உடைந்து புள்ளியாகிவிடும், அப்போது சிறுத்தை. போதாததற்கு 1781இல் அறிவியல் பேர் வைத்தவர் புலியைக் கொண்டுவந்து சேர்த்தார்: ஸ்டெகோஸ்டோமா டைக்ரினம். கலிபோர்னியாக் கடலில் வேறொரு சுறாவுக்கும் லெப்பர்டு ஷார்க் என்றே பேர் என்பதால், ஆராய்ச்சியாளர்கள் உங்களுடையதை ஜீப்ரா என்கிறார்கள். தாய்லாந்துப் படகுக்காரர்கள் பழைய பேரை விடுவதாக இல்லை.

பின்னால் நின்றதற்கு வருத்தப்படாதீர்கள். முதல் தடவை பாய்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்தது ஒரு மணல் புகையும் தூரத்தில் ஆடிய வாலும்தான். இரண்டாம் தடவை நாலைந்து மீட்டர் தள்ளி, மணலோடு மணலாகத் தாழ்ந்து, மூச்சைச் சிறிதாக விட்டபடி கிடந்தேன். அது நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து, முன்துடுப்புகளை ஊன்றித் தலையைச் சற்றே தூக்கியிருந்தது. பல சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை, படுத்த இடத்திலேயே வாயால் இழுத்துவிடும். செவுள் பிளவுகள் திறந்து மூடுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குப் பின்னால் கண்ணளவுக்கே ஒரு துளை. முதுகிலிருந்து விலாவரை வாரி வைத்ததுபோல் நீள நீளமாக மேடுகள். வால் கிட்டத்தட்ட உடம்பில் பாதி. பகலெல்லாம் இப்படிக் கிடந்துவிட்டு, இரவில் பாறை இடுக்குகளில் நுழைந்து நத்தையும் நண்டும் தேடித் தின்னும். உங்களைக் கடிக்கும் உத்தேசமே அதற்குக் கிடையாது.

இந்தச் சுபாவமே அதற்கு வினையாயிற்று. கரையோர ஆழமற்ற கடல், தரையில் படுக்கை: இழுவலைக்கும் செவுள்வலைக்கும் இதைவிடச் சுலபமான மீன் ஏது? ஆஸ்திரேலியாவில் மட்டும் நன்றாக இருக்கிறது. மற்ற இடங்களில் நிலைமை மோசம் என்பதால் இந்த இனம் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவும் அதன் கடல்தான். சுறாப்புட்டைப் பற்றிக் குறுகுறுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குச் செய்தது பால்சுறாவாக இருக்கும், அது சிறிய, வேறு சாதி.

இந்தோனேசியாவின் ராஜா அம்பட் தீவுகளைப் பாருங்கள். 2001 முதல் 2021 வரை 15,000 மணி நேரத்துக்கு மேல் கணக்கெடுத்ததில் கண்ணில் பட்ட ஜீப்ரா சுறாக்கள் மூன்றே மூன்று. சுறா பிடிக்கத் தடை வந்தபின் அங்கே மற்றப் பாறைச் சுறாக்கள் திரும்பின, இது திரும்பவில்லை. ஆழ்கடலைத் தாண்டி எளிதில் வராது. ஓரிடத்தில் தீர்ந்தால் பக்கத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. கடைசியில் ஆஸ்திரேலிய மீன் காட்சியகத்தில் இட்ட முட்டைகளை விமானத்தில் கொண்டுவந்து, பொரித்த குட்டிகளை வளர்த்து, 2023 ஜனவரியில் முதல் குட்டிகளைக் கடலில் விட்டார்கள். முட்டையை விமானம் ஏற்றும் அளவுக்குப் போனபின் ‘அபூர்வம்’ என்பதை வியாபாரப் பேச்சு என்று எப்படிச் சொல்வேன்?

இனி உங்கள் படம். முகம் இல்லையே என்கிறீர்கள். பாய்ந்தவர்களின் படங்களில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. சுறாவில் ஆணென்றால் இடுப்புத் துடுப்புகளை ஒட்டி இரண்டு குழல்கள் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன், இல்லை. வளர்ந்த உடம்பு, குழல் இல்லை என்றால் பெண்தான். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மீன் காட்சியகத்தில் லியோனி என்ற, இதே இனப் பெண் சுறா, சில ஆண்டுகள் ஆணைவிட்டுத் தனியாக இருந்தும் 2016இல் மூன்று குட்டிகளுக்குத் தாயானது. அது தொட்டியில் நடந்தது. புக்கெட் கடலில் உங்கள் பெண்ணுக்குத் துணை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அங்கே டைவ் செய்பவர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் படம் கேட்கிறார்கள். கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் புள்ளி அமைப்பு வேறு. பாய்ந்த அந்த இருவரிடம் விலாப் பக்கம் தெரிகிற படம் இருந்தால் வாங்குங்கள். தேதி, ஆழம், ‘பெண்’ என்ற குறிப்போடு உங்களுடையதையும் சேர்த்து, கூட்டிப்போன கைடுக்கே அனுப்புங்கள். எங்கே தர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.