மறு: வரப்போர மரத்தில் சாம்பல் நிறப் பறவை, வல்லூறா?

நீங்கள் பார்த்தது வல்லூறு என்ற வேட்டைப் பறவை இல்லை; 'அக்கா குயில்' என்று பெயர் கொண்ட ஒரு குயில் இனம். "கம்பளிப்புழுவைக் கிளையில் அடித்துத் தின்றது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே போதும். வல்லூறு ஓணான், எலி, சிறு பறவைகளைப் பிடிக்கும். மயிர் அடர்ந்த புழு குயில் இனத்துக்குப் பிடித்த தீனி.

தவிட்டுக்குருவிகள் கூடிக் கத்தியதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். அக்கா குயிலின் சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால், சிறகடித்துச் சறுக்கும் பறத்தல் எல்லாம் அப்படியே வல்லூறுதான், குருவிகளே ஏமாறும். அவற்றின் கூட்டில்தான் இது முட்டையும் இடுகிறது.

அடுத்த முறை தென்பட்டால்:

1. அலகு. வல்லூறுக்குக் குட்டையாக, கொக்கிபோல் வளைந்திருக்கும். குயிலுக்கு ஏறக்குறைய நேராக, நுனியில் மட்டும் லேசாகச் சாயும்.
2. கிளையைப் பற்றிய விரல்கள். வல்லூறுக்கு முன்னால் 3, பின்னால் 1. குயிலுக்கு முன்னால் 2, பின்னால் 2. தொலைநோக்கி இருந்தால் இதுவே உறுதியான அடையாளம்.

மார்புக் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். இரண்டின் இளம் பறவைகளுக்கும் மார்பில் பழுப்புத் தீற்றல்கள் இருக்கும், பலரும் சறுக்குவது இங்கேதான். மூன்று அசைக் கூவல் படிப்படியாக உச்சத்துக்கு ஏறிச் சட்டென நின்றால் அது அக்கா குயிலேதான்.